படிமாற்றப் பீசோ தகடு வலுவான மின்புலத்தில் எதிர்ப்பக்கம் வளைகிறது. கணக்கு எங்கே பிரிகிறது?

தெஹிவளை_ஆதவன் | செவ்வாய், இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். கம்பஸ் இறுதி வருட ப்ரொஜெக்ட் ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கையில் இருப்பது ஒரு முகத்திலிருந்து மறு முகம் போகப் போகக் கலவை படிப்படியாக மாறும் பிஇசட்டி (வோல்ட்டேஜ் போட்டால் அளவு மாறும் பீசோ பீங்கான்) தகடு. ஒரு முகம் மென் வகை (புலத்துக்கு எளிதில் இணங்குவது), ஏறத்தாழ பிஇசட்டி-5எச். மறு முகம் கடின வகை, ஏறத்தாழ பிஇசட்டி-4. எங்கள் சேருக்குத் தெரிந்த ஒருவர் வெளிநாட்டில் செய்து அனுப்பியது. தடிப்பு 1 மில்லிமீற்றர். ஒரு முனையை இறுக்கிப் பிடித்து 40 மில்லிமீற்றரை வெளியே நீட்டியிருக்கிறேன். மின்வாய்கள் வெளி முகங்கள் இரண்டில் மட்டும். முழுத் தகடும் ஒரே திசையில் முனைவாக்கப்பட்டது (வலுவான புலத்தில் வைத்து உள் முனைவுகளை ஒரு பக்கம் திருப்பியது).

டி31 (தடிப்பு வழியே புலம் போட்டால் நீளவாக்கில் எவ்வளவு மாறும் என்ற எண்; கீழே சுருக்கமாக டி) பெறுமானம் மென் முகத்தில் 274, கடின முகத்தில் 123 பிகோமீற்றர்/வோல்ட். இரண்டும் மறை. ஆகவே புலம் முனைவுத் திசையில் இருந்தால் இரண்டு முகமும் நீளவாக்கில் சுருங்கும், மென் முகம் கூடச் சுருங்கும். தகடு மென் பக்கமாக வளைய வேண்டும். 300 வோல்ட்டுக்கு நுனி 36 மைக்ரோமீற்றர் நகர வேண்டும் என்பது என் கணக்கு.

லேசர் மானி காட்டுவது வேறு. சில மைக்ரோமீற்றர்தான் வருகிறது, அதுவும் கடின பக்கமாக. வோல்ட்டேஜைக் கூட்டினால் வளைகோடு நேராக இல்லை. 300 வோல்ட்டை அப்படியே விட்டால் நுனி மெல்ல மெல்லத் திரும்பி, பூச்சியத்தைக் கடந்து, மென் பக்கமாகப் போகத் தொடங்குகிறது!

வலுவான புலத்தில் பீசோ நேர்கோட்டில் நடக்காது என்று படித்ததால், விகாரத்துக்கு (நீளம் மாறும் விகிதம்) டி × புலம் என்பதோடு அரை பீட்டா × புலத்தின் வர்க்கம் என்ற உறுப்பையும் சேர்த்தேன். எந்தப் பீட்டாவைப் போட்டாலும் ஒரு அளவீட்டுக்குப் பொருந்தினால் அடுத்ததற்குப் பொருந்தவில்லை. இன்னும் மேல் உறுப்புகள் தேவையா?

கொட்டாஞ்சேனை_றேடியோ | செவ்வாய், இரவு 9.40

தம்பி, முதலில் வயரைப் பாரும். எதிர்ப்பக்கம் வளைந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு சகமும் மறையும் மாறியிருக்கும்.

இரண்டாவது, விளிம்பு. கொழும்புக் காற்றில் ஈரப்பதன் 80 சதவீதம் சாதாரணம். தெஹிவளை என்றால் கடல் உப்பும் சேர்ந்து வரும். 1 மில்லிமீற்றர் விளிம்பில் 300 வோல்ட்டைப் போட்டுவிட்டு மணிக்கணக்கில் விட்டால் மேற்பரப்பில் கரண்ட் கசியும். மின்வாய் வெள்ளியா? வெள்ளி என்றால் ஈரத்தில் டிசி போடும்போது அது ஊர்ந்து போய் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு போடும். நான் கழற்றிய எத்தனையோ சாமான்களில் பார்த்தாயிற்று. ஐசோபுரோப்பைல் அல்ககோலில் துடைத்து, காயவிட்டு, விளிம்புக்குச் சிலிக்கோன் பூசிவிட்டு அளந்து பாரும்.

தெஹிவளை_ஆதவன் | புதன், காலை 7.05

நன்றி அண்ணா. முனைவுத் திசையைச் சரிபார்த்தேன்: தகட்டை அழுத்தி அலைக்காட்டியில் குறியைப் பார்த்தேன், சரியாகத்தான் இணைத்திருக்கிறேன். விளிம்பைத் துடைத்துப் பூசிய பிறகு மெல்லத் திரும்புவது கொஞ்சம் மந்தமானது. ஆனால் நிற்கவில்லை. எதிர்ப்பக்க வளைவில் மாற்றமே இல்லை.

எண்சுவடி | புதன், காலை 10.30

பீட்டாவை ஒரு பக்கம் வையுங்கள். 36 மைக்ரோமீற்றர் என்ற கணக்கில் புலம் எவ்வளவு என்று எடுத்தீர்கள்? 300 வோல்ட்டை 1 மில்லிமீற்றரால் வகுத்து, தகடு முழுக்க ஒரே 300 வோல்ட்/மில்லிமீற்றர் என்று வைத்திருப்பீர்கள். நேர்கோடு, வளைகோடு என்பதெல்லாம் வருவதற்கு முன்பே கணக்கு அங்கே பிரிந்துவிட்டது.

உயர்தரத்தில் தொடர்நிலைக் கொள்ளளவிகள் செய்திருப்பீர்கள். உங்கள் தகடு ஆயிரம் மெல்லிய கொள்ளளவிகளைத் தொடர்நிலையில் அடுக்கியது. உள்ளே சுயாதீன ஏற்றம் இல்லையென்றால் எல்லாப் படைகளுக்கும் பொதுவானது மின் இடப்பெயர்ச்சி (மின்வாயின் ஓரலகுப் பரப்புக்கான ஏற்றம்). புலம் பொதுவானது அல்ல. அனுமதித்திறன் குறைந்த படைக்குப் புலம் கூடப் போகும்.

5எச் இன் சார் அனுமதித்திறன் ஏறத்தாழ 3400, பிஇசட்டி-4 இன் பெறுமானம் ஏறத்தாழ 1300. இடையில் நேர்கோடாக மாறுகிறது என்று வைத்துத் தொகையிட்டால், சராசரி 300 என்ற இடத்தில் கடின முகத்துக்குக் கிடைப்பது 504 வோல்ட்/மில்லிமீற்றர். மென் முகத்துக்கு வெறும் 193.

இனிச் சுருக்கத்தைப் பாருங்கள். சராசரிப் புலத்தின் ஒவ்வொரு அலகுக்கும் கடின முகம் 123 ஐ 1.68 ஆல் பெருக்க 207, மென் முகம் 274 ஐ 0.64 ஆல் பெருக்க 176. டி குறைந்த முகம்தான் கூடச் சுருங்குகிறது. தடிப்பு முழுக்கத் தொகையிட்டால் நுனி நகர்வு கடின பக்கமாகச் சுமார் 7 மைக்ரோமீற்றர். நீங்கள் அளந்த "சில மைக்ரோமீற்றர்" இதுதான். வலுவான புலமும் தேவையில்லை, 10 வோல்ட்டில் செய்தாலும் இதே விகிதத்தில் எதிர்ப்பக்கம்தான் வளையும்.

பழைய_சோனார் | புதன், பிற்பகல் 1.15

கணக்கு சரி. ஆனால் ஒன்று கேட்கிறேன், ஏன் இந்த வம்பு? 5எச் தகடு இரண்டை எதிர்த் திசைகளில் முனைவாக்கி, நடுவில் எபொக்சி போட்டு ஒட்டினால் இதே 300 வோல்ட்/மில்லிமீற்றரில் இதே அளவு தகடு 200 மைக்ரோமீற்றர் வளையும். நாங்கள் காலம் முழுக்க அதைத்தான் செய்தோம். கலவையை மாற்றி மாற்றிச் சுட்டு, கடைசியில் 7 மைக்ரோமீற்றர், அதுவும் எதிர்ப்பக்கம்! பேப்பர் எழுதுவதற்குத்தான் இது உதவும்.

எண்சுவடி | புதன், பிற்பகல் 2.02

சோனார் ஐயா, வளைவை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. தகைப்பையும் (உள்ளே எழும் இழுப்பு, அழுத்தம்) பாருங்கள். ஒட்டிய தகட்டில் ஒட்டு இருக்கும் தளத்தின் ஒரு பக்கம் நீள விரும்புகிறது, மறு பக்கம் சுருங்க விரும்புகிறது. அந்தத் தளத்தில் தகைப்பு ஒரே தாவலில் குறி மாறும். 300 வோல்ட்/மில்லிமீற்றரில் 5எச் க்கு அது ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 மெகாபாஸ்கல். டி ஆனது ஒரு முகத்தில் நேரிலிருந்து மறு முகத்தில் மறைக்கு நேர்கோடாக மாறினால், சுயாதீன விகாரமும் நேர்கோடு. நேர்கோட்டு விகாரம் தகட்டை வளைக்கும், ஆனால் உள்ளே தகைப்பே வராது. அதற்கு விலையாக ஒட்டிய தகட்டின் வளைவில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும்.

பழைய_சோனார் | புதன், பிற்பகல் 2.20

5 மெகாபாஸ்கலுக்குப் பீங்கான் உடையாது.

எண்சுவடி | புதன், பிற்பகல் 2.31

பீங்கான் உடையாது, பிசின் பிரியும். பரிவில் ஓடும்போது இந்த 5 பல மடங்காகும். சூட்டில் பிசின் மென்மையாகும். அதோடு, எதிர் முனைவில் ஒட்டிய தகட்டைத் தொடர்நிலையில் இணைத்தால் ஏதாவது ஒரு பாதி எப்போதும் தன் முனைவுக்கு எதிரான புலத்தில் நிற்கிறது. 5எச் இன் எதிர்ப்புப் புலம் (முனைவைப் புரட்டிவிடும் எதிர்த்திசைப் புலம்) சுமார் 800 வோல்ட்/மில்லிமீற்றர் என்பதால், பாதுகாப்பாக அதில் பாதிக்கு மேல் போக முடியாது. ஆதவனின் தகடு முழுக்க ஒரே திசையில் முனைவானது, நேர்ப்பக்கத்தில் அந்தப் பயம் இல்லை. வலுவான புலத்தில் ஓட்டுவதற்கு இந்த வகையைத் தேடுவதன் நியாயமே அதுதான்.

வெள்ளவத்தை_நிலா | புதன், இரவு 8.45

சோனார் ஐயாவின் கேள்வி நியாயமானது, அதற்கு இன்னொரு பதிலும் உண்டு. ஆதவன் தம்பியின் தகட்டில் இரண்டு முனைக் கலவைகளையும் தெரிவுசெய்த விதமே வளைவுக்கு எதிரானது. எண்சுவடி காட்டியபடி மின் இடப்பெயர்ச்சிதான் பொதுவானது என்றால், வளைவைத் தீர்மானிப்பது டி அல்ல, டியை அனுமதித்திறனால் வகுத்து வரும் ஜி. 5எச் க்கு ஜி31 ஏறத்தாழ 9, பிஇசட்டி-4 க்கு ஏறத்தாழ 11 (ஆயிரத்தில், வோல்ட் மீற்றர்/நியூட்டன்). இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்! பிஇசட்டி குடும்பத்தில் டி ஏறினால் அனுமதித்திறனும் கூடவே ஏறும், ஜி அதிகம் அசையாது. மென்மையிலிருந்து கடினத்துக்குப் படி போட்டால் டி பட்டியலில் பெரிய வித்தியாசம் தெரியும், வளைவில் தெரியாது.

90களின் நடுப்பகுதியில் இந்த வகை வளை தகடுகளைச் செய்தவர்களுக்கு இது தெரிந்திருந்தது. ஒரு முகத்தில் டி உயர்ந்து அனுமதித்திறன் தாழ்ந்த கலவை, மறு முகத்தில் டி தாழ்ந்து அனுமதித்திறன் உயர்ந்த கலவை என்று எதிரும் புதிருமாக எடுத்தார்கள். வேறு சிலர் தடைத்திறனையே தடிப்பு வழியே மாற்றி, டிசியில் புலத்தைத் தேவையான பக்கம் தள்ளினார்கள்.

தடைத்திறன் என்றதும் உங்கள் இரண்டாவது புதிருக்கு வரலாம். 300 வோல்ட்டை விட்டுவைத்தால் நுனி ஏன் திரும்புகிறது?

வோல்ட்டேஜ் போட்ட கணத்தில் புலத்தைப் பங்கிடுவது அனுமதித்திறன். நேரம் போகப் போக, மிகச் சிறிய கசிவு மின்னோட்டம் படைகளுக்கு இடையே ஏற்றத்தைச் சேர்க்கிறது. கடைசியில் புலத்தைப் பங்கிடுவது கடத்துதிறன்: எல்லாப் படைகளிலும் ஒரே மின்னோட்ட அடர்த்தி, ஆகவே தடைத்திறன் கூடிய படைக்குக் கூடிய புலம். பிஇசட்டியைச் சுடும்போது ஈயம் கொஞ்சம் ஆவியாகப் போவதால் அது இயல்பிலேயே துளை வகைக் கடத்தியாகச் சாய்ந்திருக்கும். மென் வகைக்குச் சேர்க்கும் நயோபியம் போன்ற வழங்கி மாசு அந்தத் துளைகளை ஈடுசெய்து தடைத்திறனைப் பல மடங்கு உயர்த்தும். கடின வகைக்குச் சேர்க்கும் இரும்பு போன்ற வாங்கி மாசு எதிராக வேலை செய்யும். ஆகவே கடைசி நிலையில் புலம் மென் பக்கத்தில் போய்க் குவியும். மென் பக்கம் கூடச் சுருங்கும். தகடு மென் பக்கமாக வளையும். நீங்கள் முதலில் எதிர்பார்த்த 36 ஐத் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

இந்த மாற்றத்தின் நேர மாறிலி அனுமதித்திறனைத் தடைத்திறனால் பெருக்கியது. சார் அனுமதித்திறன் 2000, தடைத்திறன் பத்தின் 11 ஆம் அடுக்கு ஓம் மீற்றர் என்று வைத்தால் அரை மணி நேரம் வரும். உங்கள் நுனி திரும்ப எவ்வளவு நேரம் எடுத்தது?

தெஹிவளை_ஆதவன் | புதன், இரவு 9.20

அக்கா, ஒரு மணி நேரத்துக்குள் பூச்சியத்தைக் கடந்துவிடும். பின்னேரம் ஏசி ஓவ் பண்ணின பிறகு அறை சூடாகும்போது இன்னும் வேகம்.

ஆனால் சேர் சொல்கிறார், எல்லாப் பீசோவும் வோல்ட்டேஜ் போட்ட பிறகு ஊரும், இதுவும் அந்த ஊர்வுதான் என்று. எதை நம்புவது?

வெள்ளவத்தை_நிலா | புதன், இரவு 9.48

இரண்டும் இருக்கும், பிரித்துப் பார்ப்பதும் கஷ்டமில்லை. டொமைன்கள் (உள்ளே ஒரே திசையில் முனைவான நுண் பகுதிகள்) மெல்லப் புரள்வதால் வரும் ஊர்வு நேரத்தின் மடக்கையோடு போகும்: நேரம் பத்து மடங்காகும் ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றிரண்டு சதவீதம் கூடும். திசை மாறாது, முதலில் போன பக்கமே தொடர்ந்து போகும். உங்கள் நுனி குறி மாறுகிறது. ஒன்றிரண்டு சதவீத ஊர்வு அதைச் செய்யவே முடியாது.

சேருக்குக் காட்ட வேண்டுமென்றால் 30 பாகையிலும் 60 பாகையிலும் ஒரே அளவீட்டை எடுங்கள். கடத்துதிறன் வெப்பநிலையோடு அடுக்குக்குறியாக ஏறுவதால் திரும்பும் நேரம் பல மடங்கு குறைய வேண்டும். சூடாக்கும்போது மின்வாய்கள் இரண்டையும் குறுக்கே இணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் வெப்பத்தால் வரும் ஏற்றமே உங்கள் அளவீட்டைக் குழப்பும்.

பழைய_சோனார் | வியாழன், காலை 6.50

நிலா பிள்ளை சொன்னது எனக்கும் புதிது, நன்றாக இருக்கிறது. சரி, அப்படியென்றால் முனைவாக்கத்தையும் யோசிக்க வேண்டும். ஆதவன், அந்தத் தகட்டை எந்த வெப்பநிலையில், எவ்வளவு நேரம் முனைவாக்கினார்கள் என்று கேட்டீரா? வழக்கமாகச் சிலிக்கோன் எண்ணெயில் 100 பாகைக்கு மேல், மில்லிமீற்றருக்கு 2 அல்லது 3 கிலோவோல்ட். அந்தச் சூட்டில் கடத்துதிறன்தான் புலத்தைப் பங்கிடும். கடின பக்கத்துக்குப் புலம் குறையும், ஆனால் கடின பக்கத்துக்குத்தான் கூடிய புலம் தேவை. பிஇசட்டி-4 இன் எதிர்ப்புப் புலம் 5எச் ஐ விட நன்றாகக் கூட. ஆகவே கடின பக்கம் அரைகுறையாக முனைவாகியிருக்கலாம். அப்போது 123 என்ற பெறுமானம் பட்டியலில் மட்டும்தான் இருக்கும், உம்முடைய தகட்டில் இராது.

தனித்தனிக் கலவையில் செய்து, தனியாக முனைவாக்கிய மாதிரிகளின் எண்களை எடுத்துப் படிமாற்றத் தகட்டில் போடுவதுதான் இந்தத் துறைப் பேப்பர்களில் நான் கண்ட பெரிய ஓட்டை. ஒரே அடுப்பில் சுட்டாலும் அயனிகள் படைக்குப் படை பரவி, படி நினைத்த இடத்தில் நிற்காது.

இன்னொன்று, இது கண்டிப்பாகக் கேட்க வேண்டியது. எதிர்ப்பக்க வோல்ட்டேஜில் நீண்ட நேரம் விட வேண்டாம். 400 வோல்ட்டை எதிராகப் போட்டால் சராசரி 400 தான். ஆனால் கசிவால் புலம் மென் பாதியில் குவிந்தால் அங்கே 800 வரை போகும். அது 5எச் இன் எதிர்ப்புப் புலம். மேலே எண்சுவடி சொன்ன "பாதிக்கு மேல் போகாதே" என்ற விதி சராசரிக்கு அல்ல, உள்ளே இருக்கும் புலத்துக்கு. காலையில் வந்து பார்த்தால் தகடு செத்திருக்கும், காரணமும் தெரியாது.

தெஹிவளை_ஆதவன் | வியாழன், காலை 8.10

ஐயா, எங்கள் இரண்டாவது தகட்டுக்கு அதுதான் நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். எதிர்ப்பக்கத்தில் இரவு முழுக்க விட்ட பிறகு வளைவு பாதியாகக் குறைந்துவிட்டது. ஆய்வுகூடத்தில் எல்லோரும் மின்வாய் உரிந்துவிட்டது என்றார்கள், கொள்ளளவமோ பெரிதாக மாறவில்லை.

இனி என் முதல் கேள்விக்கு வரலாமா? ஏசியில் (ஆடலோட்டம், 50 ஹேர்ட்ஸ்) அளந்தால் இந்தக் கசிவுப் பிரச்சினை இல்லை. ஆனாலும் ஒரு வோல்ட்டுக்கான நகர்வு வோல்ட்டேஜோடு ஏறிக்கொண்டே போகிறது. இதற்காவது பீட்டா தேவைதானே?

வெள்ளவத்தை_நிலா | வியாழன், பிற்பகல் 12.40

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அரை பீட்டா × புலத்தின் வர்க்கம் என்ற உறுப்பு புலத்தின் குறி மாறினாலும் மாறாது. பூச்சியத்தின் இரு பக்கமும் சமமாக ஆடும் சைன் வோல்ட்டேஜைப் போட்டால் அந்த உறுப்பு கொடுப்பது ஒரு டிசி நகர்வும் இரட்டை அதிர்வெண்ணில் ஒரு அதிர்வும் மட்டும்: 50 க்கு 100 ஹேர்ட்ஸ். 50 ஹேர்ட்ஸில் உள்ள வீச்சை அது துளியும் மாற்றாது. நீங்கள் ஒரு வோல்ட்டுக்கான 50 ஹேர்ட்ஸ் வீச்சு ஏறுகிறது என்கிறீர்கள். ஆகவே நீங்கள் பார்ப்பது பீட்டா அல்ல.

பீட்டா வேலை செய்யும் இடம் ஒருமுனை ஓட்டம், அதாவது பூச்சியத்திலிருந்து மேலே போய்ப் பூச்சியத்துக்கே திரும்பும் வோல்ட்டேஜ். ஏறும் பாதையை மட்டும் பொருத்த அது போதும். இறங்கும் பாதை வேறு வழியால் வரும், அதைப் பீட்டாவால் சொல்ல முடியாது. இரண்டாம் படிச் சமன்பாட்டோடு நிறைய வளை தகட்டுக் கணக்குகள் இருக்கின்றன, அவை நிலையான ஏற்றத்துக்குப் பயன்படும், அதற்கு மேல் இழுக்கக் கூடாது.

ஏசிக்கு ரேலி விதியைப் பாருங்கள். ரேலி பிரபு 1887 இல் இரும்பின் மெல்லிய காந்தமாக்கத்துக்கு எழுதியது. காந்தச் சுவர்கள் தடைகளில் மாட்டி மாட்டி நகர்வதுபோல்தான் பீசோவின் டொமைன் சுவர்களும் நகர்கின்றன, ஆகவே அது அப்படியே இங்கே பொருந்துகிறது. டி இன் பயன்தரு பெறுமானம் = தொடக்க டி + ஆல்பா × புலத்தின் வீச்சு. வீச்சோடு நேர்கோடாக ஏறும். அதே ஆல்பாதான் பின்னிடைவு வளையத்தின் (ஏறும் பாதைக்கும் இறங்கும் பாதைக்கும் இடையே விழும் வளையம்) அகலத்தையும் தரும். இரண்டையும் தனித்தனியாக அளந்து ஒரே ஆல்பா வருகிறதா என்று பார்க்கலாம், மாதிரிக்குத் தப்ப வழியில்லை. சமச்சீரான வளையம் என்பதால் ஒற்றை மடங்கு அதிர்வெண்கள் மட்டுமே வரும்: 150 ஹேர்ட்ஸ் இருக்கும், 100 இராது.

ஆகவே தம்பி, லேசர் மானியின் வெளியீட்டை நிறமாலையாக்கிப் பாருங்கள். 150 மட்டும் தெரிந்தால் ரேலி. 100 உம் தெரிந்தால் உள்ளே எங்கோ சமச்சீர் இல்லை: முனைவாக்கம், சிக்கிய ஏற்றம், இல்லை புலத்தின் வர்க்க உறுப்பு. எதிர்ப்புப் புலத்தில் பாதியைத் தாண்டினால் ரேலியும் கைவிடும், டொமைன்கள் முழுதாகப் புரளத் தொடங்கும்.

கடின வகையில் ஆல்பா சிறியது, மென் வகையில் பெரியது. ஆனால் உங்கள் தகட்டில் கடின பக்கம் 504 இலும் மென் பக்கம் 193 இலும் நிற்கிறது. நேர்கோட்டிலிருந்து விலகக்கூடிய பொருளுக்குப் புலம் குறைவு. படிமாற்றம் தன்னைத்தானே கொஞ்சம் பாதுகாத்துக்கொள்கிறது. வோல்ட்டேஜ் கூடும்போது மென் பக்கத்தின் அனுமதித்திறனும் அதே சுவர்களால் ஏறும், ஏறினால் புலம் இன்னும் கொஞ்சம் கடின பக்கம் நகரும். டியை மட்டும் வளைகோடாக்கி அனுமதித்திறனை நேர்கோடாக விட்ட கணக்கு இங்கே கட்டாயம் பிழையாகும்.

கொட்டாஞ்சேனை_றேடியோ | வியாழன், பிற்பகல் 1.30

அக்கா சொன்ன 150 ஹேர்ட்ஸ் விளையாட்டை அந்த விலை கூடிய தகட்டில் தொடங்க வேண்டாம் தம்பி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பசர் தட்டு வாங்கும், பித்தளையில் ஒட்டிய வெள்ளை வட்டம். அதில் பீங்கான் 0.2 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கும், 30 வோல்ட்டிலேயே 150 வோல்ட்/மில்லிமீற்றர் வந்துவிடும். பெரிய சப்ளை தேவையில்லை, ஓடியோ அம்ப்ளிபயர் போதும். ஒன்று வெடித்தால் தேநீர்க் காசுதான் நட்டம். மெயின்ஸை நேரே கொடுக்கிற புத்தி மட்டும் வேண்டாம்.

எண்சுவடி | வியாழன், மாலை 5.15

நிலா சொன்னதிலிருந்து ஒரு படி மேலே போகலாம். எல்லாப் படைக்கும் பொதுவானது இடப்பெயர்ச்சி என்றால், வளைகோட்டுச் சமன்பாட்டையும் அதிலேயே எழுதுவது சுத்தம். விகாரத்தைப் புலத்தின் தொடராக எழுதாமல் முனைவின் தொடராக எழுதுங்கள். டொமைன் சுவர் நகர்ந்தால் விகாரமும் முனைவும் சேர்ந்தே மாறுவதால் பின்னிடைவின் பெரும்பகுதி கழிந்துபோகும். பீசோவை வோல்ட்டேஜுக்குப் பதிலாக ஏற்றத்தால் ஓட்டினால் வளையம் ஒடுங்கும் என்று 1982 இலேயே காட்டியிருக்கிறார்கள்.

நடைமுறையில்: தகட்டோடு தொடர்நிலையில் பெரிய, நல்ல தரமான பொலிபுரோப்பிலீன் கொள்ளளவி ஒன்றைப் போட்டு அதன் குறுக்கே வோல்ட்டேஜை அளங்கள். சோயர்–டவர் சுற்று. அதுதான் ஏற்றம். நுனி நகர்வை வோல்ட்டேஜுக்கு எதிராக ஒரு தடவையும் ஏற்றத்துக்கு எதிராக ஒரு தடவையும் வரையுங்கள்.

வெள்ளவத்தை_நிலா | வியாழன், மாலை 6.02

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுக்க இல்லை. 180 பாகைச் சுவர் (எதிரெதிர் முனைவுள்ள டொமைன்களுக்கு இடையில் உள்ளது) நகர்ந்தால் முனைவு மாறும், விகாரம் மாறாது. எல்லாச் சுவரும் மற்ற வகை என்றால்தான் இரண்டும் கைகோத்துப் போகும். அதனால் ஏற்றத்துக்கு எதிரான வரைபும் முற்றிலும் நேராக வராது. மென் பக்கத்தில் மிச்சம் இருக்கும் வளைவு 180 பாகைச் சுவர்களின் பங்கைச் சொல்லும் என்று நான் வாசிப்பேன், நீங்கள் அதை இரைச்சல் என்பீர்கள்.

டிசியில் உங்கள் வழியும் உடையும். கசிவு சேர்ந்த பிறகு படைக்குப் படை இடப்பெயர்ச்சி ஒன்றல்ல, இடையில் ஏற்றம் குவிந்திருக்கும்.

எண்சுவடி | வியாழன், மாலை 6.10

டிசிக்கு ஒத்துக்கொள்கிறேன். இரைச்சல் என்று சொல்லமாட்டேன், "மாதிரிக்கு வெளியே" என்பேன்.

தெஹிவளை_ஆதவன் | ஞாயிறு, இரவு 8.30

அளந்துவிட்டேன். முதலில் பசர் தட்டு: 150 ஹேர்ட்ஸ் தெளிவாகத் தெரிகிறது, ஒரு வோல்ட்டுக்கான 50 ஹேர்ட்ஸ் வீச்சு வோல்ட்டேஜோடு நேர்கோடாக ஏறுகிறது. 100 ஹேர்ட்ஸ் கொஞ்சம் இருக்கிறது.

பிறகு நல்ல தகடு. வோல்ட்டேஜுக்கு எதிராக வரைந்தால் தடித்த வளையம். ஏற்றத்துக்கு எதிராக வரைந்தால் வளையம் நன்றாக ஒடுங்கிவிட்டது, மேல் நுனியில் மட்டும் லேசான வளைவு (நிலா அக்காவுக்கு). வெப்பநிலை அளவீட்டில் 60 பாகையில் நுனி சில நிமிடங்களிலேயே பூச்சியத்தைக் கடந்துவிட்டது. சேர் வரைபைப் பார்த்துவிட்டு ஊர்வுக் கதையை விட்டுவிட்டார்.

முனைவாக்கம் 120 பாகையில் செய்திருக்கிறார்கள் என்று பதில் வந்தது. எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை. இனி மாதிரியில் தனித்தனிப் பட்டியல் எண்களை வைக்கலாமா, இல்லை கடின பக்கத்தின் டியைப் பொருத்தும் மாறியாக விடலாமா?

பழைய_சோனார் | ஞாயிறு, இரவு 9.05

பொருத்த விட வேண்டாம், மாறிகளைக் கூட்டிக்கொண்டே போனால் யானையையும் பொருத்தலாம். செத்த தகடு ஒன்று இருக்கிறதே, அதைக் கடின பக்கத்திலிருந்து ஈரத்தில் மெல்லத் தேய்த்து மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடும். புதிய மின்வாய் பூசி, கொள்ளளவத்தையும் 10 வோல்ட் வளைவையும் அளவும். பிறகு இன்னும் ஒரு பங்கு. தேய்க்கும்போது சூடாக்காதீர், சூட்டிலும் முனைவு போகும். இறந்த தகட்டின் டி நம்பத்தக்கதல்ல, ஆனால் அனுமதித்திறனின் படி எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும், அது தெரிந்தால் புலம் எங்கே நிற்கிறது என்றும் தெரியும். டியை அதற்குப் பிறகு பார்ப்போம். தேய்த்த தூளில் ஈயம் இருக்கிறது, கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு செய்யும், கழிவுநீரைச் சிங்குக்குள் ஊற்றாதீர்.